முளைக் குறி போட்ட கரடிக்காரி

ஜொங்தே காலை முறை பஸ் ஓட்டிவிட்டு வீடு வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். பகலில் அவன் மனைவி கும்ஜாவைப் பார்த்துக்கொள்ள வரும் தோ அக்கா அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். கும்ஜா கஞ்சி குடித்தாளா, மருந்தைத் துப்பினாளா, பயிற்சிக்குக் கையைத் தூக்கினாளா என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்கும் எல்லா வேலையும் அவன் தலையில்தான். இக்ஸான் நகரத்து மேடு பள்ளமெல்லாம் இடுப்பில் இறங்கியிருக்கும். சட்டையை மாற்றக்கூடத் தெம்பு இருக்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று பயந்து, நின்றபடியே அரிசி களைவான்.

போன இலையுதிர் காலத்தில் கும்ஜாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பதுபோல மெல்லத்தான் வரும். அதுவரை சந்தையில் கறி, கீரை, ஊறுகாய் விற்கும் தொடுகறிக் கடை நடத்தியவள் அவள். மதியத்துக்குப் பிறகு கடையில் ஈ ஆடும். அந்த நேரத்தில் பின்கட்டில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, அரக்கர்களும் மந்திரவாதிகளும் நடமாடும் ஒரு ஆன்லைன் விளையாட்டில் உட்கார்ந்துவிடுவாள். வருஷக்கணக்கான பழக்கம். இரட்டைக் கத்தி வீசும் கொலைகாரியாக விளையாடுவாள். பெயர் ‘ஊறின முள்ளங்கி’. அவளோடு சேர்ந்து விளையாடிய பையன்கள் முள்ளங்கி அக்கா என்றால் உயிரை விடுவார்கள். ஜொங்தேவுக்கு அது பிடிபட்டதே இல்லை. “பேரன் எடுக்கிற வயசுல பேயோட சண்டை போடுறா” என்று டிப்போவில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவள் முதலில் கேட்டது அந்தக் கம்ப்யூட்டரைத்தான். மகள் யுரிம் லீவு போட்டு வந்து, படுக்கையை ஒட்டி மேசை போட்டு, எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆனால் இரட்டைக் கத்திக்குப் பத்து விரலும் வேண்டும். இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கியவள், குழந்தைகள்கூட அடித்துவிடும் ஓநாயிடம் கடிபட்டுச் செத்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி செத்தாள். கூட விளையாடிய பையன்கள் விஷயம் தெரிந்து வரிசையாக ஆறுதல் எழுதினார்கள். “அக்கா நீங்க சும்மா நில்லுங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்றான் ஒருத்தன். அன்றைக்கு மூடியவள்தான். அதன் பிறகு கம்ப்யூட்டரின் மேல் யுரிமின் பழைய சால்வை கிடந்தது.

இந்த வசந்தத்தில் ஒரு பிற்பகல், அவன் சோறு வடித்துவிட்டு வந்தபோது, அவள் அந்தச் சால்வையை இழுத்துக் கீழே போட்டிருந்தாள்.

“யுரிம் அப்பா, இதைப் போடுங்க. புதுசா ஒரு ஆள் எடுக்கணும்.”

“பழைய ஆள் இருக்குல்ல?”

“அவளை எல்லாருக்கும் தெரியும்.”

அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். திரையில் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கேடயக்காரன், வில்லாளி, நெருப்பு வீசும் மந்திரக்காரி என்று ஏழெட்டுப் பேர். அதில் யாரை எடுக்கிறோமோ அவராகவே கடைசி வரைக்கும் விளையாட வேண்டும். சின்ன எழுத்தைப் படித்தால் அவளுக்குத் தலை சுற்றும் என்பதால் அவன்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொன்னான். ஒவ்வொருத்தரையும் அவள் தலையாட்டித் தள்ளினாள். கேடயக்காரன் நொடிக்கு நொடி திரும்பிப் பார்க்க வேண்டும், ஒரு கைக்கு ஆகாது. வில்லாளி ஓடிக்கொண்டே எய்ய வேண்டும், அதுவும் ஆகாது. சிலர் பக்கத்தில் மட்டும் பச்சையாக ஒரு முளை வரைந்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்றவர்கள் என்று அர்த்தம். புதிதாக ஓட்டுநர் உரிமம் எடுத்தவர்கள் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அதே முளைதான்.

“இதோ, வைத்தியக்காரன்” என்றான் ஜொங்தே. “முளை போட்டிருக்கு. மூணே பொத்தான். கூட வர்றவங்களுக்குக் காயம் பட்டா ஆத்தணும், அவ்வளவுதான். இதை எடேன்.”

கும்ஜா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். அது சிரிப்பா கோபமா என்று இப்போதெல்லாம் அவனால் சட்டென்று சொல்ல முடிவதில்லை.

“அதுக்கு முளை போட்டவன் ஒரு நாளாவது அதை விளையாடியிருக்கமாட்டான்” என்றாள் மெதுவாக. “எல்லாரும் சண்டையைப் பாப்பாங்க. அவன் மட்டும் எல்லாரையும் பாக்கணும். கண்ணை எடுக்கக் கூடாது. எல்லாரும் நல்லா இருந்தா அவனை யாரும் நினைக்கமாட்டாங்க. ஒருத்தன் செத்தா, எங்கடா போனேன்னு அவனைத்தான் கேப்பாங்க. அதைவிடக் கஷ்டமான வேலை இந்த விளையாட்டுல கிடையாது.”

ஜொங்தே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் அவன் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு திரைக்குத் திரும்பினாள்.

“அடுத்தது யாரு?” என்றாள்.

அடுத்தது கரடிக்காரி. காட்டிலிருந்து ஒரு கரடியைக் கூப்பிடுவாள். அது தானாகப் போய்ச் சண்டை போடும். இவள் பின்னால் நின்று அவ்வப்போது ஏவிவிட்டால் போதும். இதற்கும் முளைக் குறி இருந்தது. கும்ஜா வெகுநேரம் அதைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு காலத்தில் கரடிக்காரிகளை அவள் என்ன பேச்சு பேசியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கடையின் பின்கட்டிலிருந்து காதில் விழுந்ததுதான். சோம்பேறிக் கூட்டம், நாய் மேய்க்கிறவர்கள் என்பாள்.

“சரி, போடுங்க” என்றாள் கடைசியில். தோற்றுப்போன குரல் இல்லை, அலுத்துப்போன குரல். பெயர் என்ன என்று திரை கேட்டபோது, வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைத் தட்டச் சொன்னாள்.

அத்தோடு விடுவாள் என்று நினைத்து அவன் எழப்போனான். விடவில்லை. யுரிமின் பழைய லேப்டாப் அலமாரியில் இருக்கிறது, அதை எடுத்துவாருங்கள், நீங்களும் ஒரு ஆளை எடுங்கள் என்றாள். தனியாகப் போய் ஓநாயிடம் நிற்க அவளுக்கு இஷ்டமில்லையாம். சோறு வடித்தாயிற்று, குழம்பு இன்னும் வைக்கவில்லை, துணி காயப்போடவில்லை என்று அவன் அடுக்கினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை எடுத்துவந்து, படுக்கைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான்.

“உங்களுக்கு எது வேணும்?”

அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “யாரும் என்னை நம்பி இருக்காத ஒரு ஆள் இருந்தாச் சொல்லு” என்றான். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கும்ஜா அதைக் கேட்டும் கேட்காததுபோல இருந்தாள். “கோடரிக்காரனை எடுங்க” என்றாள். “நேரா ஓடிப்போய் வெட்டுறதுதான் வேலை. செத்தா மறுபடி எழுந்திரிக்கலாம். ஒருத்தரும் எதுவும் கேக்கமாட்டாங்க.”

கோடரிக்காரனுக்கு வண்டி வண்டியாகத் தாடி இருந்தது. இரண்டு பேரும் ஒரு மலையடிவாரத்தில் போய் இறங்கினார்கள். ஜொங்தேவுக்கு ஆளை நேராக நடக்க வைக்கவே வரவில்லை. மரத்தில் முட்டினான், ஓடையில் விழுந்தான். பஸ் ஓட்டுகிற லட்சணம் இதுதானா என்று அவள் கேட்டாள். அவனும் சிரித்தான். ஒரு காட்டுப்பன்றியை வெட்டிச் சாய்த்தபோது, என்னமோ தெரியவில்லை, தோளில் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டமாதிரி இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து முதுகில் விழுந்தது. ஓநாய்கள் இருக்கும் மேட்டுக்கு அவள் வழி சொன்னாள். அவள் குரல் மெல்ல மெல்ல வந்தது, கரடி முன்னால் நடந்தது, கோடரிக்காரன் பின்னால் நடந்தான்.

விழித்தபோது வெயில் முதுகிலிருந்து சுவருக்குப் போய்விட்டிருந்தது. கன்னத்தில் லேப்டாப்பின் விளிம்பு பதிந்திருந்தது. பதறிப்போய்த் திரையைப் பார்த்தான். அவன் ஆள் சாகவில்லை. மேட்டின் நடுவில், கோடரியைத் தோளில் சாய்த்தபடி, அவன் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் ஓநாய்கள் விழுந்து கிடந்தன. இன்னொன்று புதரிலிருந்து பாய்ந்தது. கரடி குறுக்கே போய் அதை அடித்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தான். கும்ஜா தலையணையில் சரிந்திருந்தாள். இடது கை மட்டும் பொத்தான்களின் மேல் இருந்தது, விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நெற்றியில் முடி வேர்வையில் ஒட்டியிருந்தது.

“எழுப்பியிருக்கலாமே” என்றான்.

“எதுக்கு? ஓநாய்தானே.”

அவன் எழுந்து அவளை நிமிர்த்தி உட்காரவைக்கப் போனான். போர்வையைத் தொட்டதும் ஈரம் கையில் பட்டது. விரிப்பும் நனைந்திருந்தது. கும்ஜா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கூப்பிட்டிருந்தால் அவன் எழுந்திருப்பான். கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்து அந்த ஓநாய்களை அடித்தாளோ.

அவனுக்குக் கோபம் வந்தது. விரிப்பைக் கழற்ற வேண்டும், துவைக்க வேண்டும், அவளைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். இடுப்பு இருக்கிற இருப்பில் எல்லாம் இரண்டு மடங்கு வேலை. திட்டத்தான் வாயைத் திறந்தான். அவள் முகம் இன்னும் சுவர்ப் பக்கமே இருந்தது. பேசாமல் குனிந்து, அவள் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுத் தூக்கினான். வெந்நீரில் துடைத்து, வேறு உடுப்பு மாட்டி, காய்ந்த விரிப்பில் படுக்கவைத்தான். அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை. சோற்றில் முட்டையும் எள்ளெண்ணெயும் போட்டுப் பிசைந்து, அவளுக்கு ஒரு கரண்டி, அவனுக்கு ஒரு கரண்டி என்று ஒரே கிண்ணத்தில் முடித்தார்கள்.

மறுநாள் தோ அக்கா போனதும் அவன் லேப்டாப்பைத் தானே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கும்ஜா கரடியைக் கூப்பிட்டுக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“தூக்கம் வந்தா சொல்லிட்டுத் தூங்குங்க. எனக்கும் ஏதாவது வேணும்னா நான் கூப்பிடுறேன்.”

“சரி” என்றான். சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, “இப்பவே வருது” என்றான்.

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். கரடி வந்து கோடரிக்காரன் பக்கத்தில் நின்றது.