எதிர் மேசைக்காரன்

மாலை நான்கு மணி ஆனால் போதும், உழவர்கரையில் இருந்த அந்த பேக்கரிக்குக் கிளாட்வின் வந்துவிடுவான். ஒரு டீ, ஒரு பன். உட்காருவது கல்லாவுக்கு நேர் எதிர் மேசையில். கல்லாவில், அவனை விட்டுப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கும் மனைவி பெனிஷா. அவளிடம் வாயைத் திறக்க மாட்டான், பார்த்துக்கொண்டே இருப்பான். மூன்று மாதத்துக்கு முன் அவன் முறுக்கி உடைத்த மணிக்கட்டு அவளுக்கு அப்போதுதான் வலிக்கத் தொடங்கும்.

முதலாளி கலியபெருமாள் நல்ல மனிதர். தொல்லையே அதுதான். பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்தால் புண்ணியம் என்று நினைக்கிறவர். கிளாட்வின் திருந்திவிட்டானாம், வீட்டுக்குக் கூப்பிடுகிறானாம் என்று ஐந்து நாளாக அவரே தூது சுமந்தார்.

கிளாட்வினுக்கு எதிராக நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு உத்தரவு பெனிஷாவின் சாப்பாட்டுப் பையில் மடித்தபடி கிடந்தது. கோர்ட், போலீஸ் என்று தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற பயம். அடித்தால்தானே காட்ட வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். பாவி மகள், அதை முழுசாகப் படித்திருந்தால் முதல் நாளே காட்டியிருப்பாள்.

ஆறாம் நாள் கலியபெருமாள் சிரித்துக்கொண்டே வந்தார். "ஆறு மணிக்கு வேல முடிஞ்சதும் தெனம் மாதா கோயில் சந்து வழியா தனியா போறியாமே. அவன் தொணைக்கு வரேங்கிறாம்மா."

அந்தச் சந்து வழியாகப் போவதைப் பெனிஷா யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறான். பையைத் திறந்து உத்தரவை அவர் கையில் வைத்தாள்.

"இத படிங்க சார்."

நின்றபடியே படித்தார். அடிக்கக் கூடாது என்பதோடு முடியவில்லை. வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, பின்தொடரக் கூடாது, நேரிலோ போனிலோ பிறர் மூலமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது. மீறினால் குற்றம், கைது செய்யலாம். 'பிறர் மூலமாகவோ' என்பதை இரண்டு முறை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

உள்ளே போய் ஸ்டேஷனுக்கு போன் செய்தார். உத்தரவின் நகல் அங்கே ஏற்கெனவே இருந்தது. வெளியே வந்தபோது கிளாட்வின் எழுந்து கல்லாவை நோக்கி நடந்துகொண்டிருந்தான். கலியபெருமாள் குறுக்கே போய் நின்றார். நகரவில்லை. பத்து நிமிடத்தில் உதவி ஆய்வாளர் ஜெயம் வந்துவிட்டார்.

"டீ குடிக்க வந்தது தப்பா மேடம்?" என்றான் கிளாட்வின்.

"ஊர்ல வேற கடையே இல்லியா? இங்க நீ கால் வெக்கக் கூடாதுன்னு கோர்ட்டே எழுதியிருக்கு. ஏறு ஜீப்புல."

ஜீப் போனபின், நாளைக்கு வேலைக்கு வரலாமா என்று பெனிஷா தயங்கித் தயங்கிக் கேட்டாள். கலியபெருமாள் உத்தரவை மடித்து அவளிடம் நீட்டினார்.

"வராம எங்கம்மா போற? அந்தப் பேப்பர்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்து எங்கிட்டயும் குடு. பைக்குள்ள கெடந்தா அது யாரையும் காப்பாத்தாது, நாலு பேருக்குத் தெரியணும். இன்னொண்ணும் இன்னிக்குத்தான் புரிஞ்சுது. சேத்து வெக்கிறேன்னு நடுவுல போறவன், அந்தப் பொண்ணு ஏன் பயப்படுதுன்னு மொதல்ல கேக்கணும். நான் கேக்கல."