ஒன்பதாம் எண் நரி

தளவானூர் போகும் பஸ்ஸில் சொக்கலிங்கம் மடியில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், ஓரம் தேய்த்த நல்ல கண்ணாடி. செஞ்சிக் கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிற மனுஷன் ஒரு நரிக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறான் என்று தெரிந்திருந்தால், பக்கத்து ஸீட்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்திருப்பார்.

பட்டணத்தில் கார்ட்டூன் படம் எடுத்த கம்பெனி ஒன்றை மூடியபோது, அங்கே வரைந்த ஃபிலிம் தாள்களை எடைக்குப் போட்டார்கள். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையிடையே வெள்ளைக் காகிதம் வைத்த கட்டுகள். தெளிந்த தாள், பின்பக்கம் பெயின்ட். வெந்நீரில் சோடா போட்டுத் தேய்த்தால் நரி, காக்கை, மரம் எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். மிஞ்சும் தாளைக் கண்ணாடிக்குப் பதிலாகச் சட்டத்தில் மாட்டலாம், மலிவு. சொக்கலிங்கம் கட்டுக்கட்டாக வாங்கிவந்து, அப்படி முந்நூறு தாள்களைக் கழுவினான். யாரோ வருஷக்கணக்கில் குனிந்து வரைந்ததை ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டு, கை வலிக்கிறதென்று தைலம் வேறு தேய்த்துக்கொண்டான்.

கடைசிக் கட்டை எண்ணிப் பார்க்க விளிம்பைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டபோதுதான் அது நடந்தது. நரி ஓடி வந்து கிணற்றைத் தாண்டியது. சொக்கலிங்கம் மறுபடி விட்டான். மறுபடி தாண்டியது. அன்று வந்த ஆட்களிடம், கடைக்குள் உட்கார்ந்துகொண்டே, இன்று கடை இல்லை என்றான்.

மூலையில் எண் போட்டிருந்தார்கள். ஒன்று முதல் பதினேழு. ஒன்பது மட்டும் இல்லை. எட்டில் எம்பும் நரி பத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். உச்சிக்குப் போன நரியை அவன் பார்த்ததே இல்லை. அந்தத் தாளைத் தளவானூர் பூவாயி வாங்கிப் போனது நினைவுக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. போய்ச்சேர்ந்த புருஷன் போட்டோவுக்குச் சட்டம் போட வந்து, தாளைக் கழுவித் தருவதற்குள், பஸ் போயிடும், ஊட்டுல கழுவிக்கிறேன் என்று சட்டத்தோடு வாங்கிப் போனவள்.

“ஒரு நரிக்குப் பதினாறு படம் பத்தலையா?” என்றாள் மனைவி ஜெயம், காலையில் அவன் கிளம்பும்போது. “நம்ம கல்யாணத்துக்கு எடுத்ததே ஒண்ணு. அதுலயும் நீங்க கண்ண மூடிக்கினு இருக்கறீங்க.”

பூவாயி வீட்டில் அது சுவரில் தொங்கியது. கழுவப்படாமல். உள்ளே அவள் புருஷன், திண்டிவனம் ஸ்டூடியோவில் முறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே நரி, நான்கு காலும் அந்தரத்தில், வால் அவர் நெற்றியில் புரள. சொக்கலிங்கம் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனான்.

“கழுவலாம்னுதான் இருந்தேன்,” என்றாள் பூவாயி. “மனுஷன் தனியா உக்காந்துகினு இருக்காரு, தொணைக்கு இருக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

“நல்ல கண்ணாடி கொண்டாந்திருக்கேன்மா. இத எனக்குக் குடுத்துடேன்.”

“நரிதான, எடுத்துக்க தம்பி.”

அவன் சட்டத்தைக் கழற்றி, தாளின் மூலையில் கத்தியை நுழைத்துத் தூக்கினான். பிசுக்கென்றது. வால் நுனியோடு புருவத்தில் கொஞ்சம் வந்தது. அப்படியே கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டான்.

“இன்னாச்சி?”

“வெயிலுக்குப் பெயின்ட் ஒட்டிக்கினு இருக்குது. எடுத்தா அவரும் கூட வந்துருவாரு. வேற போட்டோ இருக்குதா?”

“ஏது? அது ஒண்ணு எடுக்கவே அவரக் கையக் கட்டாத கொறயா இழுத்துகினு போவ வேண்டியிருந்துச்சி.” பூவாயி குனிந்து பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். “ஆசப்பட்டு வந்துட்ட. நெத்திதான போவும்? போவட்டும். மூஞ்சி இருக்குதில்ல.”

கத்தி அவன் கையில்தான் இருந்தது. நெற்றியோடு பெயர்த்தால் நரி முழுசாக வரும். நெற்றி இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாகவே இருக்கிறார்கள் என்றுகூட ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. பூவாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

“வேணாம்மா,” என்றான். கத்தியை மடக்கினான். நரியோடும் மனுஷரோடும் சேர்த்து மேலே கண்ணாடியைப் பொருத்தி, ஆணி அடித்தான்.

மாட்டுவதற்குச் சுவர் அருகே போனான். பழைய ஆணி ஆடியது. கையிலேயே தூக்கிப் பிடித்து இடம் பார்த்தான்.

“கொஞ்சம் மேல,” என்றாள் பூவாயி, பின்னால் நகர்ந்து நின்று.

தூக்கினான். நரி ஏறியது.

“இன்னும் மேல தம்பி.”

சொக்கலிங்கம் நுனிக்காலில் நின்றான்.