துரைசாணிக்கு மாடிப்படி வேண்டுமாம்

"மாடிப்படி இல்லாத வீட்டுல நான் எப்படிடீ..."

"மாடிப்படி கெடக்கட்டும், மொதல்ல நான் சொல்றத..."

"எப்படி எறங்கி வர்றது? வெள்ளை கவுன், கையில மெழுகுவத்தி, ஒவ்வொரு படியா..."

"என் வீடு தாமான் குடியிருப்புல வரிசை வீடு, துரசாணி. ஹால்லேருந்து அடுப்படிக்கு நடந்து வாங்க. யாரு வேணாங்கறா?"

மலேசியாவின் ஜொகூரில் காஹாங் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் துரை பங்களாவில் பட்டப்பகலில் இந்தச் சண்டை. கஸ்தூரி அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். மற்றவள், வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துத் துரைக்கு மனைவியாக இருந்து காய்ச்சலில் செத்துப்போனவள். ஆயாக்களின் சண்டையைக் கேட்டுக் கேட்டே தமிழ் பழகிய பேய். நாளைக் காலை பங்களாவை இடிக்கிறார்கள். அப்புறம் அவளுக்கு ஒண்ட இடம் கிடையாது. அதனால்தான் கஸ்தூரி தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள்.

"பனிமூட்டம் இருக்குமா?"

"டெங்கி வந்தா கொசுவுக்குப் புகை அடிப்பானுங்க. ரோடே தெரியாது. நடுவுல போய் நில்லுங்க."

"சங்கிலிச் சத்தம்?"

"கேட்டுல பூட்டுச் சங்கிலி தொங்குது. கை வலிக்கிற வரைக்கும் குலுக்குங்க."

"படத்துக்குள்ள பூந்து கண்ண உருட்டணும்."

"மாமனார் படம் இருக்கு."

"அவருக்கு மீசை இருக்குமே!"

"அந்தாளு உசுரோட இருக்கறப்பவே கண்ண உருட்டத்தான் செஞ்சாரு. வித்தியாசம் தெரியாது."

"நான் வந்தா ரூம் சில்லுனு ஆயிரும்."

"அலமாக், மொதல்லயே சொல்லக்கூடாதா? ஏர்கான் ரிப்பேரு."

துரைசாணி மூக்கை உறிஞ்சினாள்.

"பரிதாபப்பட்டா கூப்புடற?"

"பரிதாபமா? மக சிங்கப்பூர்ல. வீட்டுல டிவி மட்டுந்தான் பேசுது. அது கிட்ட சண்டை போட்டா திருப்பி ஏச மாட்டேங்குது."

துரைசாணி கவுனை நீவிவிட்டுக்கொண்டாள்.

"யாரும் நுழையாத அறை ஒண்ணு வேணும்."

"ஸ்டோர் ரூம் இருக்கு. மர்மமா இருந்துக்குங்க. முறுக்கு டின்ன மட்டும் தொறக்காதீங்க."

"சரி" என்று அவள் சொன்னது காதில் விழுந்ததுமே கஸ்தூரி வாசலுக்குப் போய், படிக்கட்டின் அடியில் ஒரு பிடி மண் அள்ளி மைலோ டின்னில் போட்டாள்.

"டின்னுலயா? நானா?"

"ரப்பர் தோட்டத்த மூடுனப்ப முனியாண்டியவே இப்படி மண்ணெடுத்துத்தான் டவுனுக்குக் கூட்டிப் போனோம். சாமியே வாயத் தொறக்கல. உங்களுக்கு என்ன கௌரவம்?"

ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாள். சூடம் கொளுத்தினாள். இனி, சூடம் அணைவதற்குள் பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். அப்போதுதான் கூட வருவார்கள். கஸ்தூரி வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள். தோட்டத்தில் யாரும் துரைசாணியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ரப்பர் மரத்தடியில் இருந்த கல்லறையில்கூட இன்னாருடைய மனைவி என்றுதான் வெட்டியிருந்தது.

துரைசாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சூடம் பாதி கரைந்துவிட்டது.

"துரசாணினு கூப்புட்டா ஜொகூர்ல செத்த அத்தனை துரசாணியும் வந்து நிப்பாளுங்க, என் வீட்டுல எடமில்ல. சீக்கிரம் சொல்லுங்கம்மா, ஒங்க பேரு என்னா?"