குனியக் கூடாதவர்

தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற மனுஷனிடம் போய் "தலையைக் குனியாதே" என்றால் அவர் எங்கே போவார்? கண் டாக்டரம்மா அதைத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு, அங்கே சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

டைல்ஸ் ஒட்டுவது என் வீட்டுக்காரர். கலவை குழைத்துக் கொடுப்பது நான். நூல் கட்டுவார், ரசமட்டம் வைத்துச் சமம் பார்ப்பார், அப்புறமும் மனசு ஆறாது. கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் தரை மேலேயே நீளப் பார்ப்பார். ஒரு டைல் பக்கத்து டைலைவிடத் துளி தூக்கியிருந்தாலும் விடமாட்டார். "என்னய்யா, தரைகிட்ட ரகசியம் பேசுறியா?" என்று மேஸ்திரி கிண்டலடிப்பார்.

அப்படி ஒரு நாள் வலது கண்ணை மூடிப் பார்த்தபோதுதான், இடது கண் போய்விட்டது என்பதே தெரிந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. பாழாய்ப்போன நோய், சத்தமே போடாமல் வந்து சுருட்டிக்கொண்டு போயிருக்கிறது.

"கிளாக்கோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, பின்னாடி இருக்கிற நரம்பை நசுக்கிடுச்சு. போன பார்வை திரும்பாதும்மா. வலது கண்ணுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. அதையாவது காப்பாத்திக்கணும்," என்றார் டாக்டரம்மா.

சொட்டு மருந்தை நானே விட்டேன். ஒரு வேளை தவறவில்லை. ஆனாலும் அடுத்த முறை போனபோது வலது கண் நரம்பு இன்னும் மோசமாகியிருந்தது. இங்கே உட்கார வைத்து அளந்தால் அழுத்தம் சரியாகத்தான் காட்டுகிறது என்று டாக்டரம்மா குழம்பினார். "இவர் எப்படிப் படுத்துத் தூங்குவார்?" என்று கேட்டார்.

இவர் முந்திக்கொண்டார். "வலது பக்கமா, நல்ல கண்ணைத் தலகாணியில பொத்தி வச்சுக்கிட்டுத்தான் டாக்டர். இருக்கிறது அது ஒண்ணுதானே. வெளிச்சம் படாம ரெஸ்ட் எடுக்கட்டும்னு."

சபாஷ் வாங்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து வேறு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்தக் கண் கீழ இருக்கோ அதுலதான் அழுத்தம் ஏறும். தலகாணியில அமுங்கினா இன்னும் ஏறும். தலை கீழ போற எந்த வேலையும் அப்படித்தான். இனிமே தலையை உயர்த்திப் படுங்க. குனிஞ்சு வேலை செய்யவே செய்யாதீங்க."

பொத்திப் பொத்திப் பாதுகாத்தே கெடுத்துக்கொண்டாரே!

அதற்கப்புறம் கலவைக் கரண்டியை நான் பிடித்தேன். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் இவரை உட்கார வைத்து, "வாய் மட்டும் வேலை செய்யட்டும், தலை குனிய வேண்டாம்," என்றேன். சிரித்தார். வாயாலேயே வேலை வாங்கினார். ஆனால் ஒரு வீட்டில் கூடம் முடிகிற அன்றைக்கு, நான் கலவை வாளியோடு திரும்பி வந்து பார்த்தால் மனுஷன் தரையில் கிடக்கிறார்! கன்னம் தரையோடு, இடது கண் மூடி, வலது கண் திறந்து.

"அய்யோ, உங்களுக்கு அறிவிருக்கா? எந்திரிங்க!"

"கத்தாதடி. ஒரே ஒரு தடவை. நீ ஒட்டினதை நான் பாக்க வேண்டாமா?" அப்படியே கிடந்தபடி, முகமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார். "அடேயப்பா, ஒரு குறை சொல்ல முடியலயே. கண்ணாடி மாதிரி இருக்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோபத்தை மறந்து நானும் எதிரே படுத்து, அவர் மாதிரியே கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

அவர் முகத்துக்கு நேராக ஒரு டைல் தூக்கிக்கொண்டு நின்றது. துளி இல்லை, கால் இடறுகிற அளவுக்கு. அதற்குப் பின்னால் அந்த வலது கண் திறந்தபடி இருந்தது.

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் கலவை காய்ந்துகொண்டிருந்தது, அந்த வீட்டில் நாளைக்கு மனிதர்கள் நடக்க வேண்டும். கரண்டி நுனியை அடியில் கொடுத்து டைலைப் பெயர்த்தேன். ஈரக் கலவையிலிருந்து டைல் பிரிகிற சத்தம் இவருக்குத் தெரியாதா? முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"எந்த டைலு?"

"உங்க மூக்குக்கு முன்னாடி இருந்ததுதாங்க," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போதும், எந்திரிங்க. உங்க கால்ல விழறேன்."

எழுந்திருக்கவில்லை. கையால் தடவித் தடவி அந்த ஈரப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார். கன்னத்தைத் தரையில் இன்னும் அழுத்தமாக வைத்துக்கொண்டார்.

"மறுபடி வை. இன்னொரு தடவை பாக்கறேன்," என்றார்.