கண்ட நேரம், தெரிவித்த நேரம்

'தானியக் கிடங்கைத் தாழிட மறக்காதீர்கள்' என்று அச்சடித்த தாளை அந்தக் கிடங்கின் கதவிலேயே ஒட்டிவிட்டு, கையெல்லாம் பசை என்பதால் கதவை முழங்கையால் தள்ளிச் சாத்திவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் தூங்கப் போனவர் உலகத்திலேயே கால்நடை ஆலோசகர் முத்துராமன் ஒருவராகத்தான் இருப்பார்.

விடியற்காலையில் பட்டியிலிருந்த அறுபது ஆடுகளும் கதவை முட்டித் திறந்து பார்லியில் வாய் வைத்தன. புல்லுக்குப் பழகிய வயிற்றில் தானியம் மொத்தமாக இறங்கினால் புளித்து நஞ்சாகிவிடும். அதுவும் அந்தத் தாளில் மூன்றாவது குறிப்பாக இருந்தது. ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

பகல் முழுவதும் சோடா உப்புக் கரைசலைப் புகட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலை பதினான்கு ஆடுகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. சாவதற்கு முன் அவை குடித்தவை போலத் தள்ளாடின. பல்லை நறநறவென்று கடித்தன. அந்தச் சத்தம் முத்துராமனை விடவில்லை. அறையின் ஃபிரிட்ஜ் இரைச்சலில் கேட்டது. யாராவது அப்பளம் நொறுக்கினாலும் கேட்டது. பிழைத்த ஆடுகள் தீனியைத் தொடாமல் அவர் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பின. எழுபது பண்ணைகளுக்குப் புத்தி சொன்ன ஆள் இவர்தான் என்று ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்வது போலிருந்தது.

துபாய்–அல் ஐன் சாலையிலிருந்து மணலுக்குள் எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருந்தது, முத்துராமன் வாரத்தில் சில நாள் தங்கி ஆலோசனை சொல்லும் அந்தப் பண்ணை. 2006 டிசம்பர், பக்ரீத் பெருநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. எல்லோருக்கும் விசா கொடுத்த பண்ணை முதலாளியான கஃபீல் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. "யாரால் என்று எழுதிக் கொடு. அவனுக்கு கலாஸ், கணக்கு முடிந்தது. சனிக்கிழமை ஊருக்கு விமானம்" என்றார்.

எழுதுவதற்கான படிவத்தை வகுத்தவரும் முத்துராமன்தான். கண்ட நேரம்: 5.40. தெரிவித்த நேரம்: 6.20. கண்டவர், பட்டிக் காவலாள் சோலைமுத்து. காரணம் என்ற கட்டத்தில் 'தாழ்ப்பாள்' என்று எழுதிப் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தவர், மறுபடி வைக்கவில்லை.

"இதுல என்ன சார் யோசனை?" என்றான் ஐயப்பன். பண்ணை மேஸ்திரியும் சமையலும் அவன்தான். சோலைமுத்துவின் ஊர்க்காரன், ஆனால் வேறு தெரு. "நாப்பது நிமிசம் வேடிக்க பாத்துருக்கான். அவன் பேரப் போட்டு விடுங்க. நீங்க புள்ளகுட்டிக்காரரு."

"அவனுக்கும் பிள்ளை இருக்கேப்பா. அந்த நாப்பது நிமிஷம் எங்கே போனான்?"

"அவிங்க ஆளுகளே அப்பிடித்தான் சார்" என்று பாத்திரத்தைக் கழுவப் போனான். டிரைவர் கௌஸ் முகைதீனைக் கேட்டார். "எனக்கு ஏன் சார் வம்பு?" என்று அவர் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார்.

சோலைமுத்து செத்த ஆடுகளைக் குழிக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அந்த வேலைக்கு மற்ற யாரையும் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை.

"உடனே மடக்கியிருந்தா செத்ததுல பாதியாவது பொழச்சிருக்கும். ஏன்யா சொல்லல?"

"ஒத்த ஆளா மடக்கிப் பாத்தேன் சார். நாலு வெளிய வந்தா எட்டு உள்ள போகுது."

"சரி. அப்புறம்?"

சோலைமுத்து கயிற்றைக் கீழே போட்டான். முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தான்.

"அப்புறம் உங்க ரூமு வாசல்லதான் நின்னேன்."

"நாப்பது நிமிஷமுமா? கத்தியிருக்கலாமேய்யா."

"நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. நீங்கள்லாம் சாப்பிடயில நான் படியேறக் கூடாது, கொரலும் குடுக்கக் கூடாது. அது ஐயப்பண்ணன் இங்க வந்து போட்ட சட்டம். ஆகஸ்டு மாசம் மாடு கன்னு போட முடியாமக் கெடந்துச்சு, கத்திட்டேன். அவரு தட்டத் தூக்கி வீசிட்டு, ரெண்டு நாளு என்னயக் கொழாயில தண்ணி புடிக்க விடல. வெயிலு தெரியுமில்ல சார் இங்க?"

முத்துராமன் வாயைத் திறந்தார். சாதியெல்லாம் நான் பார்ப்பதில்லை என்று சொல்ல நினைத்திருக்கலாம். பர் துபாய் வீட்டில், சாப்பாட்டு மேசையில், மனைவி நீலாவிடமும் விருந்தாளிகளிடமும் பலமுறை சொன்னதுதான்.

"நான் உன்னைப் பார்க்கவே இல்லையேப்பா" என்றார்.

"பாத்தீங்க சார். ரெண்டு தடவ இருமுனேன். ரெண்டாவது தடவ திரும்பிப் பாத்தீங்க. பாத்துட்டு, ஐயப்பண்ணன்கிட்ட இன்னொரு தோச கேட்டீங்க."