கோல்கீப்பர் போட்ட கோடு

எங்கள் கோல்கீப்பர் துரைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரணிக்காரன் கார்னரோ பெனால்டியோ அடிக்கப் பந்தை வைத்துத் தயாராகும் வரைக்கும் அவன் சும்மா நிற்கமாட்டான். கோல் போஸ்ட்டின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை, காலைத் தூக்காமல் மண்ணில் தேய்த்துக்கொண்டே போவான். திரும்பும்போது பக்கத்தில் இன்னொரு கோடு. பாதத்தைக் கொஞ்சம் சாய்த்து, மண் இரண்டு பக்கமும் ஒதுங்குகிற மாதிரி அவன் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

"டேய் துரை, எத்தினி ஏக்கர்டா உழுத?" என்று நான் முன்னாலிருந்து கத்துவேன். நான் தடுப்பாட்டக்காரன், ஐந்து வருடமாக அவனுக்கு முன்னால் நிற்கிறவன்.

"ரெண்டு ஏக்கர் முடிஞ்சிதுண்ணா. வேர்க்கடலை போட்டுடலாமா?" என்பான் அவன். அதற்குள் பந்து வந்துவிடும். பெரும்பாலும் பிடித்தும்விடுவான்.

என் பெயர் தினகரன். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் பொறம்போக்கில் ஆடுகிற ஏரிக்கரை எஃப்.சி.க்கு நான்தான் கேப்டன். ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிப்ட் முடிந்து வந்து பேண்ட்டைக்கூட மாற்றாமல் கிரவுண்டுக்குப் போகிற ஆள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஊரில் அதற்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் இந்த விஷயத்தில் நான் கோபப்பட்டிருக்க வேண்டிய அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஆனி மாதம் எங்களுக்கு ஸ்பான்சர் வந்தார். வாலாஜாபாத் போகிற ரோட்டில் பெரிய அரிசி ஆலை வைத்திருக்கும் தாண்டவராயன். எங்கள் ஊரில் பாதி வீட்டு நெல் அவருடைய மில்லுக்குத்தான் போகிறது. எங்கள் வீட்டு நெல்லும் அங்கேதான். மூன்று வருடத்துக்கு ஜெர்சி, பூட்ஸ், வெளியூர் மேட்சுக்கு வேன், மாவட்ட லீக்கில் சேருவதற்கான கட்டணம் எல்லாம் அவர் பொறுப்பு. பதிலுக்கு அவருடைய 'செங்கிளி பொன்னி' என்ற பெயரும் கிளிப் படமும் ஜெர்சியில் முன்னாலும் பின்னாலும் இருக்கவேண்டும். மில் காலண்டருக்கு ஒரு டீம் போட்டோ எடுத்துக்கொள்வார். கிழிந்த பூட்ஸைக் கோணி ஊசியால் தைத்துப் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது கனவு மாதிரி இருந்தது.

எங்கள் கிளப்பில் எதை முடிவு செய்தாலும் சீட்டு எழுதிக் குடத்தில் போடுவோம். கோயில் கல்வெட்டில் குடவோலை இருக்கிற ஊர்க்காரர்கள் அல்லவா, எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. யார் என்ன எழுதினார்கள் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது, அதுதான் சட்டம். அன்றைக்குப் பதினேழு சீட்டு விழுந்தது. பதினாறில் 'சரி'. ஒன்றில் மட்டும் 'வேணாம்'.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "எவன்டா அது? நல்லது நடந்தா புடிக்காதா?" என்று கத்தினேன். ஜெகனைத்தான் சந்தேகப்பட்டேன். மழை பெய்கிறது என்றால் தூறல்தான் என்று சொல்கிற ஆள் அவன். ஜெகன் என்னை முறைத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். பதினாறுக்கு முன்னால் ஒன்று எம்மாத்திரம் என்று அந்தச் சீட்டைக் கசக்கிப் போட்டேன். துரை குடத்தைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். ஒட்டிக்கொண்டிருந்த சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோவுக்கு வரச் சொன்னார்கள். முதல் நாள் துரை போன் செய்தான்.

"நான் வந்துதான் ஆவணுமாண்ணா?"

"கோல்கீப்பர் இல்லாம டீம் போட்டோவா? பேஜார் பண்ணாதடா. காலைல நாஷ்டாவும் அவுங்களே குடுக்கறாங்களாம்."

 "சரிண்ணா" என்று வைத்துவிட்டான்.

மில்லின் பின்பக்கம் நெல் காயவைக்கும் களம். சிமெண்ட் போட்ட களம், எங்கள் கிரவுண்டைவிடப் பெரியது. அவித்த நெல்லை விரித்துப் போட்டிருந்தார்கள். அந்த வாசனை வேனிலேயே அடித்தது. நெல் மேலே எல்லோரும் நின்றால் தங்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் என்றான் போட்டோகிராபர். நாங்கள் புது பூட்ஸோடு திமுதிமுவென்று ஏறினோம்.

துரை மட்டும் களத்தின் ஓரத்தில் நின்று, குனிந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான். இரண்டையும் ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நெல்லில் ஏறினான்.

"தம்பி, பூட்ஸ் போடுப்பா, படத்துல தெரியணும்" என்றான் போட்டோகிராபர்.

தாண்டவராயன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சாந்தமான முகம், எழுபது வயதிருக்கும். "வுடுப்பா. புள்ளைக்கு நெல்லோட அருமை தெரிஞ்சிருக்கு" என்றார். "எந்த ஊரு தம்பி நீ?"

"பக்கந்தான் மொதலாளி" என்றான் துரை.

நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். துரை வாயில் வந்தது மட்டும் வேறு. அவர் தலையாட்டிவிட்டுப் போட்டோகிராபர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரிசையாக நிற்க வைத்தார்கள். வெளிச்சம் பார்க்கிறேன், குடை பிடிக்கிறேன் என்று போட்டோகிராபர் நேரம் கடத்தினான். துரை என் பக்கத்தில் நின்றான். அவன் கால் நகர்ந்தது. தூக்காமல், தேய்த்து, நாலு அடி போய் நாலு அடி வந்தான். நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் கோடு விழுந்தது. கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் களத்தின் அந்தக் கோடியைப் பார்த்தேன். இரண்டு பெண்கள் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கையால் அல்ல, காலால். காலைத் தூக்காமல், பாதத்தைச் சாய்த்து, தேய்த்துக்கொண்டே போனார்கள். திரும்பும்போது பக்கத்தில் இன்னொரு கோடு. அடி நெல் மேலே வந்து காய்வதற்காக அப்படி நடப்பார்கள். அதே நடை. ஐந்து வருடமாக நான் பார்த்துச் சிரித்த அதே நடை.

என் வாய் திறந்தபடியே இருந்தது. காலண்டரில் அப்படித்தான் விழுந்திருக்கிறேன்.

முடிந்ததும் அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் அந்த நடையைப் பற்றிக் கேட்டேன். அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பத்து வயசு வரைக்கும் இங்கதான்ண்ணா இருந்தோம். அம்மா, நைனா, நானு. அட்வான்ஸ் வாங்கனாங்கன்னு வெளியவே வுடல. ஆபீசருங்க வந்துதான் எங்கள இட்டுக்கினு போனாங்க. ஒம்போது குடும்பம். கேஸு இன்னும் நடந்துக்கினுதான் கீது."

"நீ இங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"நெல்லு கிளறுவேன். கொழந்த காலு சின்னது, கோடு நெருக்கமா வுயுந்தா நல்லா காயும்னு மொதலாளி சொல்லுவாரு."

துரை இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவன் என்பது எனக்குத் தெரியும். அவன் அப்பா இல்லை என்பதும், அம்மா சின்னபொண்ணு கூலி வேலைக்குப் போகிறாள் என்பதும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஏன்டா, இத்த ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

துரை என்னை நிமிர்ந்து பார்த்தான். "சொன்னேனேண்ணா. சீட்டுல எழுதனேனே."

வேனில் யாரும் கவனிக்காதபடி நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். அன்றைக்கே மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லீக் தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. மேட்ச் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் மேட்சுக்குத் துரை வரவில்லை. போனை எடுக்கவில்லை. ஜெகனைக் கோலில் நிறுத்தி ஐந்து கோல் வாங்கினோம். ஜெயித்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்திருப்பேனோ என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். சின்னபொண்ணு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் கொத்தடிமை வேலையிலிருந்து மீட்டதாகக் கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட விடுதலைச் சான்றிதழ். மூன்று பேருக்கும் தனித்தனியாக இருந்தது. துரையுடையதில் பத்து வயது என்று எழுதியிருந்தது.

"நீ கேப்டனாமே" என்றாள். "அவன் அந்த சட்டைய எடுத்துக்கினு வந்தான். எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. ஆனா அந்தக் கிளிய தெரியும். மூட்டைல பாத்துக் கீறேன்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவன், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் எல்லோரையும் கிரவுண்டுக்கு வரச் சொன்னேன். துரையையும் கெஞ்சிக் கூட்டி வந்தேன். ஒருவன் பழக்கத்தில் குடத்தைக் கொண்டுவந்துவிட்டான். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "இந்த வாட்டி சீட்டு இல்ல. அவன் மூஞ்சிய பாத்து வாயால சொல்லணும்" என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பதிமூன்று வருடத்துக்கு முந்தைய கதை என்றான் ஒருவன். கேஸ் முடியட்டும் என்றான் இன்னொருவன். எங்கள் ஃபார்வர்டு அரவிந்தன் அழாத குறையாகச் சொன்னான். "மில்லுக்காரர பகைச்சிக்கினா எங்க நைனா நெல்ல எங்கண்ணா கொட்டுவாரு? துரைக்கு மட்டும் பேரு இல்லாத ஜெர்சி குடுத்துடலாம். கோல்கீப்பருக்கு எப்படியும் வேற கலருதானே?"

துரை அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"என் சட்டை பிரச்சினை இல்லடா. நீங்க பத்து பேரும் எனக்கு முன்னால நிப்பீங்க. முதுகுலயும் அதே பேருதான் கீது. மேட்சு முடியற வரைக்கும் நான் அத்ததான் பாத்துக்கினு நிக்கணும்."

 அதைக் கேட்டதால் மட்டும் மனசு மாறிவிடாது என்பதையும் அன்றைக்குப் பார்த்தேன். பத்துப் பேர் ஜெர்சியோடு போய்விட்டார்கள். வேனும் லீக் இடமும் அவர்களுக்கு. இப்போது செங்கிளி எஃப்.சி. என்று ஆடுகிறார்கள். அரவிந்தன் போகும்போது துரையைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுதுகொண்டேதான் போனான். துரையையும் என்னையும் சேர்த்து ஏழு பேர் மிஞ்சினோம். ஜெகனும் இருந்தான்.

ஏழு ஜெர்சியையும் மடித்து எடுத்துக்கொண்டு நான் மில்லுக்குப் போனேன். தாண்டவராயன் காலண்டர் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் களத்திலிருந்து மீட்ட பையன் ஒருவன் எங்கள் டீமில் இருக்கிறான், அதனால் சட்டை வேண்டாம் என்றேன்.

"அந்தக் கேஸெல்லாம் வேண்டாதவங்க கிளப்புனது தம்பி. வூட்டுப் புள்ளைங்க மாதிரிதான் வச்சிருந்தேன். சரி, எந்தப் பையன் அது?"

படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"இவனா? பூட்ஸ கழட்டுனவன். நல்ல பையனாச்சே" என்றார். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் துரையைத் தெரியவில்லை. என்னென்னவோ கத்தவேண்டும் என்று போனவன், ஜெர்சியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த வருடம் எங்கள் நெல்லை வேறு மில்லுக்கு ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் ஏழு பேரும் கிரவுண்டுக்குப் போனோம். ஏழு பேரை வைத்துக்கொண்டு ஒரு மேட்சும் ஆட முடியாது. பெனால்டி அடித்துப் பழகலாம் என்றான் ஜெகன். துரை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கோலில் போய் நின்றான். ஜெகன் பந்தை வைத்தான்.

துரையின் கால் தானாக நகர்ந்தது. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு ஒரு கோடு போனது. நாங்கள் ஆறு பேரும் தரையைப் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. ஜெகன் பந்தின் முன்னால் தலையைக் குனிந்து நின்றான். 

பாதிக் கோட்டில் துரை நின்றுவிட்டான்.

"இன்னாண்ணா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்றீங்க?"

நான் ஒரு கல்லைக் காலால் ஒதுக்கினேன்.

"அங்க இப்பிடிப் போவசொல்லோ யாருமே சிரிக்க மாட்டாங்கண்ணா. நீங்க சிரிச்சீங்க. அதனாலதான் இது எனக்கு அந்தக் களமா இல்லாம கிரவுண்டாச்சு. இப்ப எல்லாரும் இப்பிடி மூஞ்சிய வச்சிக்கினு நின்னா..." மீதியை அவன் சொல்லவில்லை. காலடியில் இருந்த கோட்டைப் பார்த்தான்.

அவன் காத்துக்கொண்டிருந்தான். எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் யோசிக்காமல் கத்தியதை இப்போது யோசித்துக் கத்த வேண்டியிருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன்.

"டேய் துரை," என்றேன். குரல் உடைந்து எங்கேயோ போனது. "எத்தினி ஏக்கர்டா உழுத?"

"ரெண்டு ஏக்கர் முடிஞ்சிதுண்ணா" என்றான் துரை. சிரித்தது அவன் மட்டும்தான். சிரித்துக்கொண்டே மீதிக் கோட்டை இழுத்து முடித்துவிட்டு, ஜெகனைப் பார்த்து அடி என்று கையைக் காட்டினான்.