சன்னலின் மூடி

ஹெத்விகா அன்று காலையிலிருந்து மூன்றாவது தடவையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் அழுக்கு எதுவும் இல்லை. டிராமில் வரும்போது ஒரு தடவை, வாசலில் அட்டையைக் காட்டும்போது ஒரு தடவை, இப்போது யந்திரக் கூடத்தின் மஞ்சள் கோட்டருகே நின்றபடி ஒரு தடவை. மூன்று வாரமாக இந்தப் பழக்கம். ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் பாபோவ்கா நின்றது. யந்திரத்தின் முறையான பெயர் கடிதத்தாளின் தலைப்பில் மட்டும்தான் இருந்தது. நடுவில் ஓட்டை விட்டுச் சுடுகிற கேக்கைப் போலவே இருந்ததால், அங்கே வேலைக்கு வந்த எல்லோருக்கும் அது பாபோவ்காதான். அதைத் திறக்கும் நாளில் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து நிஜ பாபோவ்கா சுட்டுக் கொண்டுவர வேண்டும். முதல் போல்ட் கழலும்வரை கேக்கில் கத்தி வைக்கக் கூடாது. இந்தத் தடவை, யந்திரத்துக்குள் காற்றில்லாமல் வைக்கும் வெற்றிடப் பிரிவின் டெக்னீஷியன் ருஜெனாவின் முறை. வெள்ளைத் துணி போர்த்திய தட்டு கருவிப்பெட்டியின் மேல் இருந்தது.

ஹெத்விகாவின் வேலை அழுக்கை எண்ணுவது. அப்படித்தான் அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். வளையத்துக்குள் காந்தப் பிடியில் சுழலும் பிளாஸ்மா, அதாவது கொதிக்கும் வாயு, சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும். ஆனால் விளிம்பில் கொஞ்சம் தொடத்தான் செய்யும். தொட்டதும் சுவரிலிருந்து கார்பன் கிளம்பி உள்ளே கலக்கும். கலந்தால் பிளாஸ்மாவின் சூடு இறங்கிவிடும். நல்லவேளையாகக் கார்பன் ஒளிந்துகொள்ளத் தெரியாத பொருள். விளிம்பில் அது ஒரு குறிப்பிட்ட நீலத்தில் ஒளிரும். உள்ளங்கை அகலக் குவார்ட்ஸ் சன்னல் வழியாக அந்த நீலத்தைப் பிடித்து, எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று ஹெத்விகா சொல்லுவாள்.

ஏப்ரலிலிருந்து ஜூலைவரை செவ்வாய்தோறும் மாலையில் சுவரின் மேல் மெல்லிய போரான் பூச்சு ஏற்றினார்கள். பதினாறு செவ்வாய்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நீலம் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் பாதியாகிவிட்டது. ஜூனில் லுப்லியானாவில் நடந்த கூட்டத்தில் அதுவரை வந்திருந்த வளைகோட்டை அவள் திரையில் காட்டியபோது, பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். இவர்களுடையதைப் போல இருபது மடங்கு பெரிய யந்திரம் வைத்திருந்த ஜெர்மன்காரர்கள், அதே முறையில் தங்கள் சுவருக்கும் பூசப்போவதாகச் சொன்னார்கள். இந்த வெள்ளிக்கிழமை அவர்கள் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்பு ஹெத்விகாவின் கட்டுரை அவர்கள் கைக்குப் போயாக வேண்டும்.

ஆகஸ்டு கடைசியில் கட்டுரைக்காகப் பழைய பதிவுகளைப் புரட்டும்போதுதான் அதைப் பார்த்தாள். சன்னலுக்கு உள்பக்கம், யந்திரத்துக்குள்ளேயே, ஷட்டர் என்கிற ஒரு சின்ன உலோக மூடி உண்டு. பூச்சு ஏற்றும்போது அது சன்னலை மறைக்க வேண்டும், இல்லையென்றால் போரான் சுவரில் மட்டுமில்லாமல் கண்ணாடியிலும் படியும். மார்ச் கடைசி வாரத்திலிருந்து கணினிப் பதிவில் மூடியின் நிலை ஒரே சொல்லாக இருந்தது: திறந்தது. அடுத்த நாளும் திறந்தது. ஜூலைவரை பக்கம் பக்கமாகத் திறந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. மூடியின் மோட்டார் கெட்டிருக்கிறது. பதினாறு செவ்வாய்களும் கண்ணாடியில் படலம் ஏறியிருக்கிறது. பிளாஸ்மா சுத்தமாகவில்லை, சன்னல்தான் அழுக்காகியிருக்கிறது. அவள் அளந்தது தன் கண்ணாடியின் மங்கலை.

சரிபார்க்க வழி தேடினாள். பிளாஸ்மாவிலுள்ள ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியும் அதே சன்னல் வழியாகத்தான் வந்தது, அதுவும் குறைந்திருந்தது. ஆனால் நல்ல போரான் பூச்சு ஹைட்ரஜனையும் குறைக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு பதில்களும் பொருந்தின. செப்டம்பரில் யந்திரத்தைத் திறந்து சன்னலைக் கழற்றி விளக்கின் முன் வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

யாரிடமும் சொல்லவில்லை. திறக்கும்வரை பொறுத்திருப்பது முறையான செயல்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. மோட்டார் கெட்டதா, யாராவது கவனித்தார்களா என்று வெற்றிடப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிரிவு இரண்டு மாடி கீழே இருந்தது. ருஜெனாவை அவள் தினமும் காப்பி யந்திரத்தருகே பார்த்தாள், வானிலையைப் பற்றிப் பேசினாள், காளான் பறிக்கப் போனதைப் பற்றிக் கேட்டாள். மூடியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வராதவரை வளைகோடு அவளுடையது.

அந்தப் படம் எடுத்தவர்களை நினைத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வயதில், முதன்முதலாக, தான் சொன்னதை வேறு யாரோ தங்கள் யந்திரத்தில் செய்யப்போகிறார்கள். தனக்குப் புகழ் வேண்டாம் என்றுதான் அவள் நினைத்து வந்திருந்தாள். வேண்டும் என்று இந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. அழுக்கைவிட அது அவளை அதிகமாகச் சங்கடப்படுத்தியது.

திறப்பதற்காக யந்திரத்துக்குள் நைட்ரஜன் நிரப்பும் சீறல் ஓய்ந்தது. ருஜெனா கையுறையோடு மேடையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"டாக்டரம்மா, கோட்டுக்கு அந்தாண்டயே நின்னு சாமி கும்பிடுறீங்களா, இல்ல மேல வர்றீங்களா? உங்க சன்னல்தான் முதல்ல."

"முதல்லயா?"

"ஸ்லாமா அப்படித்தான் சொன்னாரு. வெள்ளிக்கிழமைக்கு வேணுமாமே. வாங்க, எனக்குக் கேக் வெட்டணும்."

ஸ்லாமா அவர்களுடைய பிரிவுத் தலைவர். ஹெத்விகா மேடையேறினாள். ருஜெனா எதிரெதிராகப் போல்ட்டுகளைத் தளர்த்தினாள். முதலாவது கழன்றதும் அதைக் கேக் தட்டின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். அது அவள் வழக்கம். பிறகு சன்னலை அதன் சட்டத்தோடு எடுத்து, தூசியில்லாத துணியில் சுற்றி, ஹெத்விகாவின் கையில் கொடுத்தாள். இப்போதே பிரித்துப் பார்த்திருக்கலாம். ஹெத்விகா பிரிக்கவில்லை. தூங்கும் குழந்தையைத் தூக்கிப்போவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கீழே இறங்கினாள்.

அடித்தளத்தில் அவளுடைய அளவீட்டு அறை. உள்ளே வெள்ளைப் பூச்சுப் பூசிய கோளம் ஒன்று, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி ஒளிரும். சன்னலைப் பொருத்துவதற்கு முன்பு, பிப்ரவரியில், இதே கோளத்தின் முன் வைத்து அளந்திருந்தாள்: நீலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு ஒளி ஊடே போனது. இன்று நாற்பத்தாறோ நாற்பத்தேழோ வந்தால் கட்டுரை குப்பைக்கு. அவள் துணியைப் பிரிக்காமலே அதை நினைத்துப் பார்த்தாள். ஸ்லாமாவிடம் போவது, ஜெர்மனிக்கு எழுதுவது, படம் எடுத்தவர்களுக்கு எழுதுவது. நினைக்கவே பயமாக இருந்தது, ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. எழுதிவிட்டால் இந்தக் கண்ணாடித் துடைப்பு நின்றுவிடும்.

பிரித்தாள். கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்று தெரிந்தும் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. தாங்கியில் வைத்தாள், விளக்கை ஏற்றினாள், அது நிதானப்பட இருபது நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அளந்தாள்.

எண்பத்தொன்பது.

கோளத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து அளந்தாள். எண்பத்தொன்பது. சன்னலைக் கால்வட்டம் திருப்பி அளந்தாள். எண்பத்தொன்பது.

அவள் சிரிக்கவோ அழவோ இல்லை. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். இவ்வளவு நாள் மூச்சை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. வளைகோடு பிழைத்தது. கார்பன் நிஜமாகவே பாதியாகியிருந்தது. பிளாஸ்மா நிஜமாகவே சுத்தமாகியிருந்தது.

ஆனால் அவள் எண்ணுகிறவள். நிம்மதியிலும் எண்ணம் விடவில்லை. பதினாறு தடவை போரான் தாக்கியிருந்தால் எண்பத்தொன்பது இருக்காது. ஒரு தடவைகூடத் தாக்கவில்லை என்றால் தொண்ணூற்று மூன்று இருந்திருக்கும். இந்த நான்கு எங்கே போனது?

மேலே போனபோது கேக் பாதி தீர்ந்திருந்தது. ருஜெனா தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். ஹெத்விகா எதிரே நின்றாள். மூன்று வாரமாகக் கேட்காத கேள்வி ஒரே மூச்சில் வந்தது.

"ஷட்டர் மோட்டார் எப்ப கெட்டுச்சு?"

"மார்ச்சுல. ஏன்?"

"அப்புறம் யாரு மூடுனது?"

ருஜெனா அவளை விநோதமாகப் பார்த்தாள். "நான்தான். வேற யாரு, பேயா? வெளிய ஒரு தண்டு நீட்டிட்டு இருக்கும்ல, அதுல ஸ்பேனரப் போட்டு அரைச் சுத்து. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூடுவேன், புதன்கிழமை காலையில திறப்பேன்."

"கம்ப்யூட்டர்ல திறந்ததுன்னே இருக்கே."

"கம்ப்யூட்டருக்கு மோட்டாரத்தான் தெரியும். என் ஸ்பேனரத் தெரியுமா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?" ருஜெனா கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் ஹெத்விகாவுக்கு அது சரியான இடத்தில் பட்டது. "புது மோட்டாருக்கு எழுதிக் கொடுத்தேன், இன்னும் வரல. வர்ற வரைக்கும் சன்னல்ல கரி பூசணுமா? எல்லாம் நோட்டுல இருக்கு."

நோட்டு வெற்றிட அறையில் ஆணியில் தொங்கியது; ருஜெனா கேக்கைக் கையில் பிடித்தபடி கூடவே வந்தாள். எல்லாப் பதிவும் கணினிக்குப் போய் ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு அந்த நோட்டை ருஜெனாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஹெத்விகா ஏப்ரலிலிருந்து புரட்டினாள். செவ்வாய்தோறும் பென்சிலில் ஒரு டிக், பக்கத்தில் நேரம். மே பதினான்காம் தேதி டிக் இல்லை. சிவப்பு மையில் இருந்தது: திறந்தே கிடந்தது, என் தப்பு.

"இது என்னாச்சு?"

ருஜெனாவின் முகம் கொஞ்சம் மாறியது. வாயில் இருந்ததை விழுங்கினாள். "அன்னைக்குப் பையனுக்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரிட்சை, வாய்மொழி. கணக்குல தேறிட்டான்னு போன் வந்துச்சு. தேறுவான்னு நாங்க யாரும் நினைக்கல. அப்படியே ஓடிட்டேன். பூச்ச வேற ஆள் ஓட்டினாங்க, அவங்களுக்கு ஷட்டர் விஷயம் தெரியாது. மறுநாள் வந்துதான் பாத்தேன். அதனால ஏதாவது கெட்டுப்போச்சா?"

மே பதினான்கை ஹெத்விகாவுக்கு நன்றாகத் தெரியும். வளைகோட்டில் அந்த இடத்தில் ஒரு பெரிய இறக்கம் இருந்தது, அக்கம்பக்கத்துச் செவ்வாய்களைப் போல இரண்டு மடங்கு. கட்டுரையில் அதற்காகவே இரண்டு பத்தி எழுதியிருந்தாள். பூச்சு ஒரு குறிப்பிட்ட கனத்தைத் தாண்டும்போது சுவரின் நடத்தை மாறுகிறது என்று, நான்கு மேற்கோள்களோடு. கட்டுரையிலேயே அழகான இடம் அதுதான் என்று ஸ்லாமா சொல்லியிருந்தார். இப்போது பார்த்தால் அது ஒரு பையன் கணக்கில் தேறிய இடம்.

மனதிலேயே போட்டுப் பார்த்தாள். ஒரு மாலைக்கு நான்கு. பதினாறு மாலையும் அப்படிப் போயிருந்தால் ஒளி ஏறக்குறைய சரிபாதியாகியிருக்கும். அவள் வளைகோட்டில் இருந்த அதே பாதி. அவள் பயந்தது வீண் பயமில்லை. அந்தப் பொய்யும் இந்த உண்மையும் ஒரே உருவத்தில் இருந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு ஸ்பேனரின் அரைச் சுற்று.

"கெட்டுப்போகல," என்றாள். "நீங்க அன்னைக்கு மறந்ததாலதான், மத்த நாளெல்லாம் மூடியிருந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியுது."

"அப்ப அடிக்கடி மறக்கட்டுமா?"

"வேணாம். ஒண்ணு போதும்."

ஸ்லாமாவின் அறைக்கு ஏறும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டாள். எண்பத்தொன்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் முதலில் ஆகஸ்டைச் சொன்னாள். பதிவைப் பார்த்ததை, மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததை, இரண்டு மாடி இறங்காததை. பிறகுதான் அளவைச் சொன்னாள். ஸ்லாமா நோட்டின் சிவப்பு வரியைப் படித்தார்.

"மூணு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா நானும் தூங்காமக் கிடந்திருப்பேன்," என்றார். "அதுக்கு நன்றி சொல்லவா, திட்டவான்னு தெரியல. ரெண்டும் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம். அந்த ரெண்டு பத்தி?"

"எடுத்துடுறேன்."

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"எனக்கும்தான்."

மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டாள். நான்கு மேற்கோள்களும் போயின. அந்த இடத்தில் இரண்டே வரி எழுதினாள்: மே பதினான்கு தவிர எல்லாப் பூச்சின்போதும் சன்னல் மூடி கையால் மூடப்பட்டது, அந்த ஒரு மாலையின் படலம் பின்னர் அளக்கப்பட்டுத் திருத்தப்பட்டுள்ளது. நன்றி சொல்லும் இடத்தில் ருஜெனாவின் முழுப்பெயரைச் சேர்த்தாள். எண்களை மறுபடி ஓட்டியபோது வளைகோடு கொஞ்சம் மேலே ஏறியது. பெரிய இறக்கம் மறைந்து, பதினாறு சின்ன இறக்கங்கள் ஒன்றுபோல வரிசையாக நின்றன. முன்பைவிடச் சாதாரணமாகத் தெரிந்தது. முன்பைவிட நம்பும்படியும் இருந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனபோது, ருஜெனா கடைசித் துண்டுக் கேக்கைக் காகிதத்தில் எடுத்துவைத்திருந்தாள். ஹெத்விகா தின்னும்போது மேலே தூவியிருந்த சர்க்கரைத்தூள் மூக்குக்கண்ணாடியில் பட்டது. அவள் கவனிக்கவில்லை, நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல வேற என்னல்லாம் இருக்கு?" என்றாள்.

"பாதி உங்க ஆளுங்களைப் பத்தின புகார்," என்றாள் ருஜெனா. "மீதியும் அதான். உக்காருங்க, படிச்சுக் காட்டுறேன்."

ஹெத்விகா இன்னொரு வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.